வார்த்தை வைத்து ஆடும் ரம்மி

போன வெள்ளிக்கிழமை ஆபீஸில் வருடக் கடைசிப் பார்ட்டி. கேக் வெட்டி, சமோசா தின்று, பேச்சும் தீர்ந்துபோன நேரத்தில் யாரோ சீட்டுக்கட்டை எடுத்தார்கள். சும்மா ஆடினால் சுவாரஸ்யம் இருக்காது என்று இன்னொருவர் பர்ஸைத் திறந்தார். கடைசியில் தோற்றவர் எங்கள் டீம் லீடர். தோற்ற பணம் இரண்டு பிளேட் பிரியாணிக்குக்கூடக் காணாது. ஆனால் திங்கட்கிழமை முதல் மனிதர் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அன்று ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது பக்கத்து சீட் தோழி என்னிடம் கேட்டாள்:

“சிவகாசிப் பக்கம் தீபாவளி முடிஞ்சா ஊரே சீட்டாடுமாமே? உங்க வீட்டுல எவ்வளவு வச்சு ஆடுவீங்க?”

“பணம் வைக்க மாட்டோம்.”

“பின்னே?”

“வார்த்தை.”

அவள் சிரித்துவிட்டாள். “அப்போ அது சூதாட்டமே இல்லையே!”

இல்லையா? இந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் நடந்த ஆட்டத்தைச் சொல்கிறேன். சூதாட்டமா இல்லையா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

பட்டாசு ஊர்களில் தீபாவளிக்கு முந்தைய சீசன் முழுக்க யாருக்கும் மூச்சு விட நேரம் இருக்காது. கடைசி லோடு லாரியில் ஏறியதும் கம்பெனிகளைப் பூட்டிவிடுவார்கள். கையில் போனஸ் இருக்கும், வேலை இருக்காது. இந்த இரண்டும் சேர்ந்தால் மூன்றாவதாக என்ன வந்து உட்காரும்? சீட்டுக்கட்டுதான்.

என் அம்மாவின் அண்ணன் வேல்ராசு மாமாவுக்கும் ஒரு பட்டாசுக் கம்பெனியில்தான் வேலை. அவர் பல வருடங்களுக்கு முன் ஒரு தீபாவளி போனஸை அப்படியே கண்மாய்க்கரை ஆட்டத்தில் தொலைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அத்தை திட்டவில்லை, அழவில்லை. பெட்டிக்கடைக்குப் போய் இரண்டு சீட்டுக்கட்டு வாங்கிவந்து அவர் முன்னால் வைத்தார்.

“ஊர்ல அம்புட்டுப் பேர் கூடவும் ஆடியாச்சுல்ல? எங்கூட ஒரு ஆட்டம் ஆடுங்க. நா தோத்தா இந்தப் பேச்சையே எடுக்கல. நா ஜெயிச்சா நா சொல்றதைக் கேக்கணும்.”

அத்தைக்கு ரம்மி தெரியும் என்பதே மாமாவுக்கு அன்றுதான் தெரிந்தது. அதுவும் தோற்ற பிறகு. அத்தை கேட்டது ஒன்றே ஒன்று: அடுத்த தீபாவளி வரைக்கும் காசு வைத்து ஆடக் கூடாது. மாமா ஒப்புக்கொண்டார். அந்த ஒரு வருடம் எப்போதோ முடிந்துவிட்டது. மாமா மட்டும் கண்மாய்க்கரைப் பக்கம் திரும்பவே இல்லை. இந்தக் கதையை இப்போதும் தானே ஜெயித்த மாதிரிதான் சொல்வார்!

அதிலிருந்து வந்ததுதான் எங்கள் வீட்டு வழக்கம். தீபாவளிக்குப் பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒரு வீட்டில் கூடுவோம். கறிச்சோறு. பிறகு ரம்மி. ஜெயித்தவர், கூட ஆடியவர்களில் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். கேட்கப்பட்டவர் அடுத்த தீபாவளி வரை அதன்படி நடக்க வேண்டும். எல்லோர் முன்னிலையிலும்தான் கேட்க வேண்டும். ஏன் என்று திருப்பிக் கேட்கக் கூடாது, பேரம் பேசக் கூடாது. முக்கியமாக, ஜெயித்தவருக்கு வேறு யாரும் ஜாடை காட்டக் கூடாது.

நான் சென்னையில் சாஃப்ட்வேர் டெஸ்ட்டர். எதைக் கொடுத்தாலும் ஓட்டை தேடுவதற்குத்தான் சம்பளம். இந்த விதிகளிலும் தேடிப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வருடக் கெடு இருக்கிறதே... அது அபாரமான டிசைன். ‘ஆயுசுக்கும் விட்டுவிடு’ என்றால் எந்த மனிதன் தலையாட்டுவான்? ஒரு வருடம்தானே என்றால் வீம்பு பிடித்தவர்கூட ‘சரி’ என்று கௌரவமாகச் சொல்லிவிடலாம். ஒரு வருடம் செய்து பழகியதை அதற்குப் பிறகு யார் மாற்றப் போகிறார்கள்?

இப்படித்தான் பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்த ஓரகத்தி வீட்டுக் கல்யாணத்துக்கு என் அம்மா போய் முதல் பந்தியில் உட்கார்ந்தார். மாமா பீடியை விட்டார். ஒருமுறை நான் தோற்றபோது மாமா என்னிடம் கேட்டது: “ஏத்தா மருமகளே, வாரத்துக்கு ஒருக்க உங்கம்மாவுக்கு போன் போட்டுப் பேசணும். எஸ்.எம்.எஸ். செல்லாது.” இன்றுவரை ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கை தானாக போனுக்குப் போகிறது.

இந்த வருடம் கூடியது எம். புதுப்பட்டியில், முத்துமாரி சித்தி வீட்டில். சித்தி என் அம்மாவின் தங்கை. பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறார். கருப்பசாமி சித்தப்பாவும் அதே கம்பெனிதான். ஆனால் அவர் வேலை வேறு. பட்டாசுக்குள் போகும் பொடியை எங்கள் பக்கம் மருந்து என்போம். அந்த மருந்தைக் கலக்குபவர் சித்தப்பா. கம்பெனியிலேயே அதிகச் சம்பளம் அந்த ரூமுக்குத்தான். ஏன் அதிகம் என்று சொல்ல வேண்டியதில்லை.

சித்தி சில வருடங்களாக ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் சீட்டைக் கையில் எடுக்கிறார். ஜெயித்தால் சித்தப்பாவிடம் என்ன கேட்பார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சித்தப்பாவுக்கும் தெரியும். அதனால்தான் மற்ற யாரையும்விட அவர் கவனமாக ஆடுவார். யார் எந்தச் சீட்டைக் கழித்தார்கள் என்பதைக் கடைசி வரை மனதில் வைத்திருக்கிற மனிதர். அவரைச் சித்தி இதுவரை ஜெயித்ததே இல்லை.

“வீட்டுலயே கேக்கலாமே சித்தி?” என்று அன்று காலை வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டேன்.

“கேக்காம இருப்பேனா? ‘அடுத்த சீசன் பாப்போம்’பாக. ‘கைக்குப் பளகின வேலைய விட்டுட்டு லேபிள் ஒட்டவா சொல்ற’ம்பாக. வீட்டுல கேட்டா அது வீட்டுப் பேச்சுத்தா. இங்கன கேட்டாத்தான் வார்த்தை.”

சாப்பாடு முடிந்ததும் முன்னறையில் பாய் விரித்தார்கள். சித்தி, சித்தப்பா, மாமா, நான். நான்கு பேர்தான். ஐந்தாவதாக யார் வந்தாலும் வாசலோடு சரி. அம்மாவும் அத்தையும் வெளியே இருந்தபடியேதான் எட்டிப் பார்த்தார்கள். கம்பெனியில் விபத்துக்குப் பயந்து ஒரு ரூமுக்கு நாலு பேர் என்று கணக்கு உண்டு. அது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. முன் கதவும் பின் கதவும் திறந்தே இருக்க வேண்டும். கதவை ஒட்டி ஒரு செம்பைக்கூட வைக்க விடமாட்டார்கள்.

சீட்டைக் கீழே வைப்பதைப் பார்க்க வேண்டுமே! எங்கள் ஆபீஸில் ஒவ்வொரு சீட்டும் ‘டப்’பென்று மேஜையில் விழுந்தது. இங்கே சத்தமே கிடையாது. சீட்டைப் பாயில் உரசாமல், தேய்க்காமல், பூவை வைக்கிற மாதிரி வைப்பார்கள். தொழில் கற்றுக்கொடுத்த விரல்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

வாய் மட்டும் அதற்கு நேரெதிர்.

“மாப்ள, என்ன இம்புட்டு யோசனை? சீட்டு குஞ்சு பொரிக்கட்டும்னு இருக்கீகளா?” இது மாமா.

“நீங்க போட்ட டைமன் ஏழை எடுக்கலாமா வேண்டாமான்னு பாக்குறேன் மச்சான்.”

“எடுங்க, எடுங்க. எம் பேரைச் சொல்லி எடுங்க.”

“அண்ணே, நீ செத்த வாய மூடு. அவுக யோசிச்சா யோசிக்கட்டும், எனக்கும் கை சேரணும்ல?” என்றார் சித்தி.

நூற்றியொரு பாயிண்ட் ஆட்டம். ஆட்டத்துக்கு ஆட்டம் பாயிண்ட் ஏறும், நூற்றியொன்றைத் தொட்டவர் வெளியே. கடைசிவரை நிற்பவருக்கு வெற்றி. பிற்பகல் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தபோது நான்கு பேரும் விளிம்பில் இருந்தோம். இன்னும் ஒரு கை, முடிந்தது.

சீட்டுகளைப் பிரித்துப் போட்டார் மாமா. இரண்டு சுற்றுப் போனது. மூன்றாவது சுற்றில் கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்த சித்தியின் முகம் மாறியது. சிரிப்பு இல்லை. மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்ட முகம். சீட்டுகளை ஒருமுறை சரிபார்த்தார். மறுபடியும் சரிபார்த்தார். சித்தப்பா தன் சீட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு மனைவியைப் பார்த்தார்.

அந்த நொடியில் வெளியே ‘டமார்’ என்று ஒரு சத்தம். கூரை ஷீட் அதிர்ந்தது.

பட்டாசுச் சத்தத்துக்கு எங்கள் ஊரில் தூங்குகிற குழந்தைகூடப் புரண்டு படுக்காது. வெடிப்பது சரமா, அணுகுண்டா என்று காது பிரித்துச் சொல்லிவிடும். இது எந்த வகையிலும் சேராத ஒற்றைச் சத்தம். நான் ‘என்ன’ என்று தலையைத் திருப்புவதற்குள் பாயில் என்னைத் தவிர ஆள் இல்லை. சீட்டுகள் சிதறிக் கிடந்தன. மாமா முன் கதவு வழியாக, சித்தியும் சித்தப்பாவும் பின் கதவு வழியாக... எப்போது எழுந்தார்கள் என்றே தெரியவில்லை. கத்தவில்லை, ஒருவரையொருவர் இடிக்கவில்லை. தண்ணீர் வடிகிற மாதிரி போய்விட்டார்கள். நான் பதிமூன்று சீட்டையும் விசிறி மாதிரி பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் வெளியே அத்தையின் சிரிப்பு கேட்டது.

“ஏ... சைக்கிள் டயரு! உங்க சைக்கிள்தாங்க! வெயில்ல நிறுத்தாதீகன்னா கேட்டாத்தான?”

காலையில்தான் மாமா கல் மாதிரி காற்றடித்து வைத்திருந்தார். வெயில் மிச்ச வேலையைச் செய்துவிட்டது. தன் சைக்கிள் வெடித்ததற்குத் தானே முதலில் ஓடியதை நினைத்து மாமா விழுந்து விழுந்து சிரித்தார். “கம்பெனி பூட்டிக் கெடக்குங்கறதே மறந்து போச்சு பாத்துக்க!” சிரித்துக்கொண்டேதான் மூன்று பேரும் உள்ளே வந்தார்கள். பாயைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

சித்தி உட்கார்ந்திருந்த இடத்தில் அவர் சீட்டுகள் மல்லாந்து கிடந்தன. ஜோக்கர் இல்லாத ஒரிஜினல் ஒன்று. ஜோக்கர் வைத்து ஒன்று. இரண்டு செட். ஒரு குறையும் இல்லை. மிச்சமிருந்த ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்து ‘டிக்’ என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் டயர் முந்திக்கொண்டது.

“ஏ தங்கச்சி... நீ ஜெயிச்சுட்டியே!” என்றார் மாமா.

“இல்லண்ணே.” சித்தி பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். “கீள போட்டாச்சு. ஃபுல்லுதான்.”

எங்கள் ஆட்டத்தில் அப்படி ஒரு விதி உண்டு. ஆட்டத்தின் நடுவில் சீட்டைக் கீழே போட்டால் ஃபுல், அதாவது எண்பது பாயிண்ட். மாமா ஒரு வருடம் மோசமான கை வந்ததும் பொய்யாகத் தும்மிச் சீட்டைக் கொட்டிவிட்டு, மறுபடி போடச் சொன்னார். அதனால் வந்த விதி. எண்பது ஏறினால் மூன்று பேரும் நூற்றியொன்றைத் தாண்டிவிடுவார்கள். மூன்று பேரும் அவுட்.

“அது நா பண்ணுன கள்ளத்தனத்துக்குப் போட்ட ரூலு. இது அப்படியா? கண்ணு முன்னால கெடக்கு சீட்டு. மாப்ள, நீங்களே சொல்லுங்க.”

சித்தப்பா சித்தியின் சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவுக சொல்ல வேண்டாம்ணே,” என்றார் சித்தி. “இன்னைக்கு எனக்காக ரூலை மாத்துனா, நாளைக்கு அவுகளுக்காக மாத்துவீக. பெறகு இங்கன கேக்குற வார்த்தைக்கு என்ன மருவாதி? ஃபுல்லுன்னா ஃபுல்லுதான்.”

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். யோசித்துப் பாருங்கள். இத்தனை வருடம் காத்திருந்து, ஒரு வழியாக வந்த கை. விட்டுக்கொடுக்க அண்ணன் தயார். மறுத்துப் பேசக் கணவருக்கு வாய் வரவில்லை. ‘ஆமாம், நான்தான் ஜெயித்தேன்’ என்று சொன்னால் போதும். அப்படி வாங்குகிற வார்த்தை உறுதியாக இருக்காது என்று அந்த அரை நிமிடத்தில் அவருக்குத் தோன்றியிருக்கிறதே! கடைசி நேரத்தில் விதியைத் தன் பக்கம் வளைக்காத மனிதர்களை நான் மீட்டிங் ரூம்களில் அதிகம் பார்த்ததில்லை.

“அப்போ ஆட்டம் யாருக்கு?” என்றார் மாமா.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். சீட்டைக் கீழே போடாதவள் நான் ஒருத்திதான்.

எனக்கு வெட்கமாக இருந்தது. இது திறமையில் வந்த வெற்றியா? அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்பது என் உடம்புக்குத் தெரியாது. அதனால் வந்த வெற்றி.

“கேளு மருமகளே,” என்றார் மாமா. விதிப்படி ஜாடை காட்டக் கூடாது என்பதால், வேண்டுமென்றே கூரையைப் பார்த்துக்கொண்டார். சித்தியோ இன்னும் கறார். சிதறிய சீட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

பழக்க தோஷம், மனதுக்குள் பட்டியல் போட்டேன். ஒன்று, சித்தி கேட்க நினைத்ததை நானே கேட்கலாம். ஆனால் சத்தம் கேட்டும் உட்கார்ந்திருந்தவள், அந்த வேலையை விடுங்கள் என்று சித்தப்பாவிடம் எந்த முகத்தோடு சொல்வது? சொன்னால் நடப்பார்தான். ‘மெட்ராஸ்காரப் பிள்ளை, பயந்து கேட்டுச்சு’ என்று நினைத்தபடி நடப்பார். இரண்டு, வேறு ஏதாவது சின்ன விஷயம் கேட்டு ஆட்டத்தை முடித்துவிடலாம். அதைச் செய்தால் என்னை நானே மன்னிக்க மாட்டேன். மூன்றாவது...

“சித்தப்பா, நான் உங்ககிட்டதான் கேக்குறேன்.”

“கேளுத்தா.”

“சித்தி ஒண்ணு கேப்பாங்க. அதுக்கு நீங்க சரின்னு சொல்லணும். இதுதான் நான் கேக்குற வார்த்தை.”

மாமா கூரையிலிருந்து கண்ணை இறக்கினார். “ஜெயிச்ச வார்த்தையக் கை மாத்தலாமா? ரூல்ல இருக்கா?”

“கூடாதுன்னும் ரூல்ல இல்லையே மாமா.”

“ஏயப்பா! கம்ப்யூட்டர் படிச்ச புத்தி!”

சித்தப்பாதான் முடித்துவைத்தார். “அவ கேட்டுட்டா மச்சான். செல்லும்.” சித்தியின் பக்கம் திரும்பினார். “ம்... கேளு.”

சித்தி பொறுக்கிய சீட்டுகளை அடுக்கிக் கீழே வைத்தார். வருடக்கணக்காக மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம்போல, ஒரு சொல் கூடாமல் குறையாமல் வந்தது:

“நீங்க இனி மருந்து ரூமுக்குள்ள கால் வைக்கக் கூடாது. அடுத்த தீவாளி வரைக்கும்.”

வாசலில் அம்மாவும் அத்தையும் அசையாமல் நின்றார்கள்.

“மாப்ள, யோசிக்கல்லாம் கூடாது,” என்றார் மாமா மெதுவாக.

“யோசிக்கல மச்சான்.” சித்தப்பா தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். “அந்தச் சத்தம் கேட்டதும், வெடிச்சது நாந்தான்னு நெனச்சேன். வெளிய போய் நின்ன பெறகுதான், ஏ, நா இங்கனல்ல இருக்கேன்னு தெரிஞ்சுது.”

சித்தி கையால் வாயை மூடிக்கொண்டார்.

“சரி,” என்றார் சித்தப்பா. ஒரே சொல். பிறகு மாமாவின் பக்கம் திரும்பி, “மச்சான், உங்க கம்பெனியில பேக்கிங்ல ஆள் வேணும்னு சொன்னீகளே?”

“லேபிள் ஒட்டணும், பரவால்லையா?”

“ஒட்டுவோம். கோணாம ஒட்டுவோம்.”

இப்போது சொல்லுங்கள். எங்கள் ஆபீஸில் வைத்து ஆடினார்களே சில்லறை... பந்தயம் அதுவா, இதுவா? பணத்தைத் தோற்றவர் அடுத்த மாதம் சம்பாதித்துக்கொள்ளலாம். சித்தப்பா தோற்றது இத்தனை வருடம் ‘நான் இன்னார்’ என்று தலை நிமிர்ந்து சொல்லிக்கொண்ட ஒரு பெயரை. அதைத் தோற்ற பிறகும், ஜெயித்தவரின் எதிரில் உட்கார்ந்து பாயாசம் கேட்டு வாங்கிக் குடித்தார். தோற்கத் தெரிந்தவர்களோடு ஆடுவதில் ஒரு சுகம் இருக்கிறது. என் உறவுக்காரர்கள் எனக்குக் கொடுத்த பெரிய வசதி அதுதான் என்று நினைக்கிறேன்.

போன ஞாயிறு சித்தியிடம் போனில் பேசினேன். கம்பெனிகள் திறந்துவிட்டன. சித்தப்பா பேக்கிங்கில் இருக்கிறார். லேபிள் கோணாமல்தான் ஒட்டுகிறாராம். நிம்மதியாக இருக்கிறீர்களா என்று கேட்டேன்.

“எங்கத்தா நிம்மதி? மருந்து கலக்கப் போனப்போ வெள்ளனவே கெளம்பிருவாக. இப்போ எட்டு மணிக்குத்தான போறாக? காலையில எந்திரிச்சதுல இருந்து அடுப்படியிலதான் நிக்காக. உப்பை அள்ளிப் போடாத, எண்ணெய அம்புட்டு ஊத்தாத, தீயக் கொற... எந்தாலியறுக்காக! அடுத்த தீவாளிக்கு நா ஜெயிச்சே ஆகணும். இந்தத் தடவ எந்த ரூமுக்குள்ள கால் வைக்கக் கூடாதுன்னு கேப்பேன்னு உனக்கே தெரியும்.”

எனக்குத் தெரியும். சித்தப்பாவுக்கும் தெரிந்துவிட்டதாம் — வேலை முடிந்து வந்ததும் ஆடிப் பழகச் சீட்டுக்கட்டோடு உட்கார்ந்துவிடுகிறாராம்.